களிம்புக்கு ஒரு விலை

செம்பில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். சைவ சித்தாந்தம் பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் களிம்பு இன்னும் அணுக்கமான பொருள். ஆணவ மலம் உயிரை எப்போது பற்றியது என்று மாணவர் கேட்டால், செம்பைக் களிம்பு எப்போது பற்றியதோ அப்போதே என்று உவமை சொல்லி நகர்ந்துவிடுவோம். அது நீக்கப்பட வேண்டியது என்பதில் அடுக்களைக்கும் சாத்திரத்துக்கும் இதுவரை கருத்து வேறுபாடு இருந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது. பெருநகரத்து 'விண்டேஜ்' கடைகளில் அந்தக் களிம்புக்குப் 'பாட்டினா' என்று பெயர். அது இருந்தால் ஒரு விலை, துலக்கிவிட்டால் வேறு விலை. தானாக ஏறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் அமிலம் தடவியும் மண்ணில் புதைத்தும் ஏற்றிவிடுகிறார்கள். ஆணவத்தைச் செயற்கையாக உண்டாக்கி விற்கிறார்கள் என்று ஒரு சித்தாந்தி இதைக் கண்டு சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போலிகளைப் பற்றிப் புலம்புவது என் நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொராதாபாத்தில் வார்க்கப்படும் பித்தளையும், ஜோத்பூரில் விளிம்புகளில் சாயத்தைச் சுரண்டிப் 'பழசாக்கப்படும்' மர அலமாரியும் ஊரறிந்த ரகசியங்கள். நேற்றுச் செய்ததை நூறாண்டுப் பொருள் என்று விற்பவன் பொய்யன். அவனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. புதிதாகச் செய்து, பழைய பாணியில் செய்தது என்று சொல்லி விற்பவன்மீது எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நாட்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடாத ஓடு அது. இன்று அச்சிலிருந்து உரித்த ஓடு இன்றைய ஓடுதான். அதைச் செய்தவருக்கு இன்றே கூலி கிடைக்கிறது. (அதே கோலத்தை எந்திரத்தில் படமாக அச்சடித்து 'ஆத்தங்குடி டிசைன்' என்று விற்கும் பளபளப்பு ஓடு வேறு கதை.)

என் வழக்கு உண்மையாகவே பழைய பொருள்களைப் பற்றியது. அவற்றை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். இலக்கியம் படிப்பவர்கள், பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டால் குரல் தழுதழுப்பவர்கள், பிளாஸ்டிக்கை வெறுப்பவர்கள். ஆகவே இதை வெளியாரைப் பார்த்து எழுதவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒருமுறை நடந்தவர்களுக்குத் தெரியும். கடைக்குக் கடை தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அடுக்கடுக்காகத் தவலைகள், அண்டாக்கள், கூஜாக்கள், ஐந்தடுக்குத் தூக்குகள், நாட்டுப் பூட்டுகள், மரப்பாச்சிகள். சுவரில் துணியும் ஜரிகையும் ஒட்டி அழகுபடுத்திய ரவிவர்மா அச்சுப்படங்கள். அந்தப் படங்களை நாடெங்கும் கொண்டுபோன அச்சகத்தை ரவிவர்மா பம்பாயில் தொடங்கியது 1894இல். முகந்தெரியாத குடும்பங்களின் கண்ணாடிச் சட்டமிட்ட புகைப்படங்களும் அங்கே விற்பனைக்கு உண்டு. யாரோ ஒருவருடைய பாட்டனாரை விலை பேசி வாங்கிக் காபிக் கடைச் சுவரில் மாட்டுகிறார்கள். வாங்குகிறவருக்கு அவர் பாட்டனார் அல்லர், 'ஆம்பியன்ஸ்'.

ஒரு பித்தளைத் தவலையைக் கையில் எடுத்துக் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். சிற்றுளியால் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். பெரும்பாலும் பெண்ணின் பெயர். முன்னால் நான்கைந்து தலையெழுத்துகள். நகரத்தார் வீட்டுத் திருமணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைத்துக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பட்டியல் உண்டு. திருமணமான ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் தனி அறை உண்டு. சாமான்கள் அங்கே ஏறிப் பூட்டப்படும். பலவற்றை அடுப்பிலேயே ஏற்றியிருக்கமாட்டார்கள். படிக்கவோ சொத்தாளவோ வழியற்ற ஒரு பெண், இது என்னுடையது என்று சொல்லிக்கொள்வதற்கு இருந்த எழுத்துச் சான்று பல வீடுகளில் இந்தப் பாத்திரத்தின் கழுத்து ஒன்றுதான். கல்வெட்டில் அரசியின் பெயர் இருந்தால் மசி தடவிப் படியெடுக்க ஓடுகிறோம். பித்தளையில் ஒரு குடும்பப் பெண்ணின் பெயர் இருந்தால், 'கீறல் இருக்கிறது, விலையைக் குறையுங்கள்' என்கிறோம். சில கடைகளில் அதை அரத்தால் ராவி மறைத்துத் தருகிறார்கள். இன்னும் சில இடங்களில் எழுத்து இருப்பதே அழகு என்று கூட்டி விற்கிறார்கள். இரண்டு இடத்திலும் அந்தப் பெயரை யாரும் வாசிப்பதில்லை.

அடுத்து மரம். விலைச்சீட்டில் 'அசல் பர்மா தேக்கு' என்றிருக்கும். இந்த இரண்டாவது சொல்லை நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருப்போம்? கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த செட்டியார் கடைகளின் வட்டி, அந்த மாளிகைகள் எழுந்த செல்வத்தின் பெரும்பகுதி. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது; கடன் திரும்பவில்லை; அடமான நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு விளைநிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடு. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபம் என்னவாயிற்று, 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் எப்படிக் காட்டு வழியே நடந்து வந்தார்கள், அவர்களில் வட்டிக்கடையோடு எந்தத் தொடர்பும் இல்லாத கூலிகள் எவ்வளவு பேர், 1948இலும் 1962க்குப் பிறகும் அங்கே நிலமும் கடைகளும் எப்படி நாட்டுடைமையாயின, இத்தனையும் அந்த ஒரு தூணில் இருக்கிறது. ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி' எழுதியிராவிட்டால் கடல் கடந்த வட்டிக்கடையின் வாசனைகூட நம் நாவலுக்குள் வந்திருக்காது. அவர் எழுதியது பர்மாவையல்ல, மேடானையும் பினாங்கையும்தான். எனினும் அந்த உலகம் எப்படிச் சரிந்தது என்பதை அறிய அதைவிட நல்ல வாசல் தமிழில் இல்லை. தூணை வாங்கி 'டைனிங் டேபிள்' காலாக அறுத்துக்கொண்டவர், அந்த நாவலையும் ஒரு படி வாங்கியிருக்கலாம். தூணின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

தேக்கு வேண்டாம், பொரித்த வடையை எடுத்து வைக்கும் மங்கு போதும் என்பீர்கள். எனாமல் பூசிய, ஓரத்தில் நீலக் கோடு ஓடும் கிண்ணங்களையும் தூக்குகளையும் சொல்கிறேன். அவற்றில் பல ஸ்வீடனின் காக்கும்ஸ் ஆலையிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறியவை. செட்டிநாட்டில் இவற்றுக்கு மங்குச் சாமான் என்று பெயர். மலாயில் கிண்ணத்துக்கு 'மங்குக்' என்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கொண்டுவிற்கப் போனவர்களின் கடல்வழி கண்முன் விரியும். இன்று அதே கிண்ணத்தின் சீட்டில் 'விண்டேஜ் எனாமல் பௌல்' என்று எழுதியிருக்கிறது. பொருள் பிழைத்துவிட்டது, சொல் செத்துவிட்டது. தமிழாசிரியனுக்கு இதுதான் முதலில் உறுத்தும் என்று நீங்கள் கேலி செய்யலாம். செய்யுங்கள். வகுப்பில் தவலைக்கும் குண்டானுக்கும் வேறுபாடு கேட்டால் முப்பது பேரில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் குடை செருகி வைத்திருப்பது தவலையாகவே இருக்கலாம்.

பயன்பாடு போனால் பெயர் போகும், இதில் வியப்பில்லை. பித்தளையில் சமைக்க வேண்டுமானால் உள்ளே ஈயம் பூச வேண்டும். கரி அடுப்பைத் தெருவோரம் வைத்து, துருத்தி ஊதி, பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரப் பொடியைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் ஒரே வீச்சில் தேய்த்துப் பரப்புவார்கள். எழும் புகையும் அந்தக் கணத்தில் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளியாவதும் பார்த்தவர்களுக்கு மறக்காது. அந்தப் பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் கெட்டுவிடும், உடம்புக்கும் ஆகாது. கடையில் வாங்கிய பழைய உருளியில் விருந்து சமைக்கப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்ன நண்பரிடம் ஈயம் பூசினீர்களா என்று கேட்டேன். 'அது நச்சு அல்லவா?' என்றார். காரீயத்தையும் வெள்ளீயத்தையும் குழப்பிக்கொண்டிருந்தார். ஈயம் பூசத் தெரிந்தவரைத் தேடிப் போய் வேலை கொடுத்திருந்தால் அவர் பழமையைக் காத்தவர். வாங்கி வைத்து மிதக்கும் பூ விட்டவரைப் பற்றி நான் என்ன சொல்ல?

அம்மியும் ஆட்டுக்கல்லும் இப்போது தோட்டங்களில் நீரூற்றாகியிருக்கின்றன. ஆட்டுக்கல் குழியில் தண்ணீர் குமிழியிட, ஓரத்தில் பாசி படர, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் விடியற்காலையில் மாவாட்டிய தோளுக்கு அது நன்றாக இருந்ததில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் அந்தக் கல்லில் மின்சார மோட்டாரைப் பொருத்தியபோது பெண்களுக்குக் கிடைத்த விடுதலையைப் பற்றி நம் பெண்ணிய விமர்சனத்தில்கூட ஒரு நல்ல கட்டுரை இல்லை. அம்மியில் அரைத்த துவையலின் ருசியைப் பற்றி மட்டும் ஆண்கள் நூறு கட்டுரை எழுதியிருக்கிறோம்.

ஆனால் எல்லாவற்றிலும் என்னைக் கோபப்படுத்துவது குவளைதான். 'அந்தக் கால டீக்கடை' என்று அலங்கரித்த உணவகங்கள் பெருகியிருக்கின்றன. மரப்பெஞ்சு, பாய்லர், பழைய சினிமா சுவரொட்டி, எனாமல் குவளையில் தேநீர். பரிசுப்பொருள் கடைகளில் அதே குவளை நான்கு சேர்த்து ஒரு பெட்டி. பக்கத்துத் தட்டில் மெருகேற்றிய தேங்காய்ச் சிரட்டைக் கோப்பை, இயற்கைக்கு உகந்ததாம். அந்தக் காலத்து டீக்கடையில் யாருக்கு எதில் தேநீர் கொடுத்தார்கள் என்பது இவற்றை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் தேவையில்லை என்று விட்டார்களா? ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளை. தலித்துகளுக்குக் கடைக்கு வெளியே கூரையில் செருகிய தனிக் குவளை; அதுவும் இல்லாத ஊரில் சிரட்டை. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். 1950இல் அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தண்டனைச் சட்டம் வந்தது. இரட்டைக் குவளை பற்றிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்திருக்கின்றன. சிரட்டையில் குடிக்க வைக்கப்பட்டவரின் பேத்தி, படித்து வேலைக்குப் போய், தோழியின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்க அந்தக் கடைக்குள் நுழைகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அந்தத் தட்டு என்ன சொல்லும்? 'நம் பாரம்பரியம்' என்ற வாசகத்தில் உள்ள 'நம்'முக்குள் அவள் இருக்கிறாளா?

நாஸ்டால்ஜியா என்ற சொல்லை உண்டாக்கியவர் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். 1688இல், பாசெல் நகரில். ஊரைப் பிரிந்த சுவிட்சர்லாந்துக்காரர்களின் ஏக்கத்துக்கு அவர் இட்ட நோய்ப்பெயர் அது. அவர் காலத்து நோயாளிக்குத் திரும்பிப் போக ஓர் ஊராவது இருந்தது. நாம் ஏங்குவது நாம் வாழ்ந்தேயிராத ஒரு வீட்டுக்கு. அதிலும் கூடத்தில் ஊஞ்சலில் அமர்ந்திருப்பவராகத்தான் நம்மைக் கற்பனை செய்துகொள்கிறோம். பின்கட்டில் பாத்திரம் துலக்குபவராக ஒருவரும் ஏங்குவதில்லை.

நிற்க. என் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. நாங்கள் வாங்காவிட்டால் இவை உலைக்குப் போய் உருகியிருக்கும் என்பார்கள். உண்மை. எவர்சில்வர் வந்த காலத்தில் பித்தளையை எடைக்குப் போட்டு மாற்றிக்கொண்ட குடும்பங்கள்தாம் நாம் எல்லோரும். செட்டிநாட்டு வீடுகளும் யாரோ கொள்ளையடித்து அழியவில்லை. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்குதாரர்கள், ஆளுக்கொரு நாட்டில், ஓடு மாற்றக்கூட ஒருமித்த கையெழுத்துக் கிடைக்காது. கடைசியில் பிரித்து விற்பது ஒன்றுதான் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தீர்வாகிறது. விற்றவரையோ தெருக் கடைக்காரரையோ நான் குறைசொல்லத் துணியமாட்டேன். கடைக்காரர்களில் சிலருக்கு இந்தப் பொருள்களைப் பற்றித் தெரிந்தது நம் பல்கலைக்கழகத் துறைகளுக்குத் தெரியாது.

ஆனால் காப்பாற்றுவது என்றால் என்ன என்பதற்குக் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்களோடு நிற்காமல் இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள், கடிதங்கள் என்று பிறர் தூக்கியெறிந்ததையெல்லாம் சேர்த்தார். பூச்சி அரிக்காமல் வைக்க வழி தேடினார், அட்டவணை போட்டார், தேடி வந்த ஆய்வாளர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை விலைக்கு வாங்கி இங்கேயே விட்டுவைத்தது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் உருவாயிற்று. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்திராவும் பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து மறுபடி எழுப்பியதுதான். ஆனால் எந்த ஊர் வீடு, யார் வாழ்ந்தார்கள், எந்தத் தொழில் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்குவதும் பெயர்ப்பதும் குற்றமில்லை. வாங்கிய கையோடு வரலாற்றைக் கத்தரித்து எறிவதுதான் குற்றம். உலை வெண்கலத்தை உருக்குகிறது, 'ரெட்ரோ' கடை அதன் நினைவை உருக்குகிறது. உருக்குவதில் உலை நேர்மையானது; அது அலங்காரப் பேச்சுப் பேசுவதில்லை.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருளும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும்கூடத் தொல்பொருள். அவற்றை வணிகம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1920இல் இழைத்த கதவு நிலை 2020இல் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அது 1920ஆம் ஆண்டினது என்று சொல்ல யாரிடம் என்ன சான்று இருக்கிறது? கடையிலோ, வயதைக் கூட்டிச் சொன்னால் லாபம், ஆனால் நூறைத் தொட்டால் தொல்லை. ஆகவே எல்லாப் பொருளும் 'எண்பது தொண்ணூறு வருஷத்து' வயதிலேயே நிரந்தரமாக நின்றுவிடுகின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறிய ஊரின் தூண்கள் லாரியிலும் ஏறுகின்றன.

பரிசு கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் பொன்னாடைக்குப் பதிலாகப் பித்தளைப் புனல் வைத்த சிறு கிராமபோன் ஒன்றை எனக்கு நினைவுப்பரிசாகத் தந்தார்கள். பாடாது, முள்ளே இல்லை, பெட்டியில் நாய்ப் படம் மட்டும் ஒட்டியிருந்தது. ஆயிரம் ரூபாயாவது ஆகியிருக்கும். அந்தப் பணத்துக்குப் பனையோலையில் முடைந்த செட்டிநாட்டுக் கொட்டான் வாங்கியிருக்கலாம். திருமணங்களில் பரிசு வைத்துக் கொடுப்பதற்கென்றே பின்னிய கூடை அது; இன்றும் பெண்கள் பின்னுகிறார்கள், புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. 2019இல் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியும் இருக்கிறது. பத்தமடைப் பாய் இருக்கிறது. நாச்சியார்கோவிலில் இன்றும் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். பழையதைப்போல இருப்பதை வாங்கும் நாம், பழைய முறையில் இன்றும் செய்கிறவரிடம் போவதில்லை. போனாலும் அங்கே பேரம் பேசுகிறோம். கண்ணாடிக் கதவுக் கடையில் வாயைத் திறப்பதில்லை.

கடைகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டில் விலைக்கு மேலே மூன்று வரி: எந்த ஊரிலிருந்து வந்தது, அங்கே அதற்கு என்ன பெயர், எதற்குப் பயன்பட்டது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதட்டும். வாங்குகிறவரிடம் கேட்பது அதைவிடக் குறைவு: இந்தக் கேள்விகளை வாய்விட்டுக் கேளுங்கள், விடை வராத பொருளை வைத்துவிட்டு வாருங்கள்.

தமிழ்த் துறைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. சங்க இலக்கியத்தில் அணிகலன்கள் என்று இருநூறாவது ஆய்வேட்டை எழுதுவதற்குப் பதில், முதுகலை மாணவர்கள் ஒரு பருவம் முழுதும் பழம்பொருள் கடைகளில் உட்கார்ந்து பாத்திரங்களில் வெட்டிய பெயர்களைப் படியெடுக்கலாம். பெயர், தலையெழுத்து, ஊர், பாத்திரத்தின் பெயர், எழுத்தின் வடிவம். நாற்பது பேர் ஒரு பருவத்தில் சில ஆயிரம் பெயர்களைத் திரட்டிவிடுவார்கள். குடும்பப் பதிவுகளில் இல்லாத பெண்களின் பெயர்கள் அவற்றில் கிடைக்கும். கடைக்காரர்கள் இடந்தர மாட்டார்கள் என்று துறையில் சொன்னார்கள். மூவரிடம் கேட்டுப் பார்த்தேன். இருவர் சரி என்றார்கள். மூன்றாமவர் படம் எடுக்க வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள், காலையில் கூட்டம் இல்லாத நேரமாக வாருங்கள் என்றார்.